வாசல்படி வரை மூச்சு

இதய நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போக வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். பச்சை அங்கி மாட்ட வேண்டும். ஒருவர் வெளியே வந்த பிறகே இன்னொருவர் நுழையலாம். தாலுகா அலுவலகத்தில் காலமெல்லாம் விதிமுறைகளை ஓதிவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு அந்த இடம் முதலில் பிடித்துத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள், பிழைக்க வைப்பதைத் தவிர.

உள்ளே கிடந்தவன் என் தம்பி. திருப்புலிவனத்தில் விவசாயம். நடவுக்கு ஆள் விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். வாயு என்று பூண்டும் பெருங்காயமும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு உத்திரமேரூர், அங்கிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து சென்னை. எங்கள் அலுவலகத்துக் கோப்பு மாதிரி ஒவ்வொரு இடத்திலும் அவனை மேலிடத்துக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் பேசினான்.

"அண்ணே, பசி உயிர் போவுது. இவனுங்க பாட்டில்லயே சோறு போட்டுக்கினு கீறானுங்க. ரெண்டு இட்லி வாங்கியாயேன்."

சின்ன வயதிலிருந்தே பசி தாங்காதவன். தாத்தா திவசத்தன்று காக்கைக்கு முன்னால் இலையில் கைவைத்து அம்மாவிடம் அடி வாங்கியவன். டாக்டர் அனுமதித்தால்தான் தர முடியும் என்றேன்.

"உன் ஆபீஸ் பேச்ச இங்கயும் வந்து பேசறியா?" என்று சிரித்தான். அதன் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் தொண்டையில் குழாய் இருந்தது. மூச்சை இயந்திரம் விட்டது. இளம் பெண் டாக்டர் என்னையும் தம்பி மனைவியையும் வெளியே அழைத்துச் சொன்னார்: "இதயத் தசை பெரும்பாலும் செத்துப்போச்சு சார். மெஷினை எடுத்தா நிக்காது. வெச்சிருந்தாலும்..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் அப்படிப் பல பேரை 'பரிசீலனையில் உள்ளது' என்று அனுப்பியிருக்கிறேன்.

தம்பி மனைவி மருந்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "வூட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் உசுரு தாங்குமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் ஊரில், வெளியே செத்தவரின் உடலை வீட்டுக்குள் எடுப்பதில்லை. தெருவில் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தி, அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தம்பி கூரையைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டி ஒரு பொங்கல்தான் கொண்டாடியிருந்தான்.

"அந்த மனுசன் கட்ன வூட்டு முன்னாலயே அநாதையாட்டம் தெருவுல கெடக்கணுமா மாமா?" என்றாள்.

சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போவதாகக் கையெழுத்துப் போட்டேன். "வழியிலயே ஆயிடலாம் சார்" என்றார் டாக்டர். தெரியும் என்றேன்.

ஆம்புலன்சில் மீசை நரைத்த உதவியாளர் ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து ரப்பர் பையைப் பிசைந்து காற்று கொடுத்துக்கொண்டே வந்தார். தம்பி மனைவி கால்மாட்டில் அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, "பூந்தமல்லி தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச தூரந்தான், கேக்குதா?" என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தாள்.

ராஜகுளம் அருகே உதவியாளர் அவன் கழுத்தில் விரல் வைத்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் மறுபடியும் பையைப் பிசையத் தொடங்கினார்.

காஞ்சிபுரம் கடந்து உத்திரமேரூர் சாலையில் திரும்பியதும் அவள் கேட்டாள்: "இன்னா, காலு சில்லுனு ஆய்க்கினே வருது?"

"ஏசிம்மா" என்றார் அவர்.

அந்த வண்டியில் ஏசி கிடையாது. ஜன்னல் வழியாக அனல் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் அவன் பாதங்களை மூடினாள். ஊர்ப் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

வீட்டு வாசலில் பந்தலுக்கு மூங்கில் வந்து சுவரில் சாய்ந்திருந்தது. பங்காளி வகையில் பெரியப்பா முறையானவர் வண்டியை மறித்தார்.

"மூச்சு கீதாடா? இல்லேன்னா இப்பவே சொல்லிடு. அப்புறம் வூட்டுக்கு ஆவாது."

ஆதாரம் இல்லாமல் எந்த மனிதனின் பேச்சையும் நம்பாமல் சம்பளம் வாங்கியவன் நான். "கீது" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். பை பிசையப் பிசைய நெஞ்சு ஏறி இறங்கியது. "கீதுபா, கீது. வழி வுடுங்க!"

கூடத்தில் கிடத்தினோம். "இப்ப நிறுத்தலாமா சார்?" என்று உதவியாளர் என் காதருகே கேட்டார். தலையசைத்தேன். குழாயை உருவினார். அவன் வாயில் அவள் ஊற்றிய பால் கன்னத்தில் வழிந்து தரைக்குப் போனது.

அழுகை சற்று ஓய்ந்ததும் புரோகிதர் உயிர் போன நேரம் கேட்டார். வீட்டுக்குள் வந்த பிறகுதான் என்று பலர் ஒரே குரலில் சொன்னார்கள். பஞ்சாங்கத்தை நானும் எட்டிப் பார்த்தேன். ராஜகுளத்துக்கும் வாசல்படிக்கும் நடுவில் திதி மாறியிருந்தது.

ஆண்டுதோறும் அந்தத் தவறான திதியில்தான் திவசம் நடக்கிறது. திருத்த வேண்டுமானால் அவன் எங்கே செத்தான் என்று நான் சொல்ல வேண்டும். தம்பி மனைவி இலையில் இரண்டு இட்லி கூடுதலாக வைக்கிறாள். சில வருஷம் காக்கை வருவதேயில்லை. "இன்னா கோவமோ தெர்லியே மாமா" என்று வெயிலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பசி தாங்காதவன். முந்தின நாளே வந்து, இலை போடாததைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான்.