அப்பாவின் இடது கெண்டைக்கால்

கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடிய காலம். எனக்குப் பத்து வயசு. பொழுது போக வேண்டாமா? அம்மாவின் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எங்கள் இரும்புலியூர் வீட்டில் ஃபிரிட்ஜ், முருங்கைக்காய், அத்தையின் பின்னல் என்று ஒன்று விடாமல் அளந்து நோட்டில் எழுதுவேன்.

அப்பா கொரோனாவிலிருந்து தப்பித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு ஒத்தாசையாக அப்பாவின் அக்கா, என் அத்தை, பள்ளிக்கரணையிலிருந்து வந்து தங்கியிருந்தார். இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்று அப்பா சொன்னதுதான் தாமதம், "படுத்தே கெடந்தல்ல, நரம்பு சுருண்டுக்கிச்சுடா தம்பி" என்று தைலத்தைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கால் வலி என்றால் உருவிவிடுவதுதான் வைத்தியம். இரண்டு நாள் உருவினார். வலி போகவில்லை. அழுத்தம் பத்தவில்லை என்று மூன்றாம் நாள் முழங்கையை வைத்தே அழுத்தினார்.

நான் சும்மா இருப்பேனா? அந்தக் காலையும் அளந்தேன். "என்னம்மா, எனக்குப் பேன்ட் தைக்கிறியா?" என்றார் அப்பா. வலது கால் முப்பத்து மூன்று சென்டிமீட்டர். இடது முப்பத்தேழு. டேப்பைத் திருப்பிப் போட்டு அளந்தாலும் அதேதான். ஒரே ஆளுக்கு எப்படி ரெண்டு கால் ரெண்டு சைஸில் இருக்கும்? சந்தேகம் தாங்காமல் சமையலறைக்கு ஓடி அம்மாவிடம் கேட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"மொதல்ல கைய எடுக்கச் சொல்லுங்க! தேய்க்கவே கூடாது, உடனே கூட்டிட்டு வாங்க!" என்று ஸ்பீக்கரில் ஒரு நர்ஸ் கத்தினார்.

அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு ஓடினார். ஸ்கேன் எடுத்ததும் அங்கிருந்தே போன் செய்தார். கொரோனா வந்தவர்களுக்கு ரத்தம் இப்படி உள்ளேயே உறைவதுண்டாம். தேய்க்கும்போது அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டாராம். "தயிர் மாதிரியாம்மா உறையும்?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை, மிச்சத் தைலத்தை எடுத்துப் போய்க் கொட்டினார்.

ஊசி, மாத்திரையெல்லாம் போட்டு அப்பா நல்லபடியாகத் திரும்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்த போனையெல்லாம் நானே எடுத்து, அத்தை உருவியதையும் நான் அளந்ததையும் விலாவாரியாகச் சொன்னேன்.

அத்தை அப்பா பக்கமே போகவில்லை. வாஷ்பேசினில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். தைல வாசனை விடவில்லை போல என்று நினைத்து, பாத்திரம் தேய்க்கிற எலுமிச்சை சோப்பை எடுத்துப் போய், "இதப் போடுங்கத்த, சுத்தமாப் போயிடும்" என்று நீட்டினேன். வாங்கிக்கொண்டார். போகிறதா என்று பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தேன்.