செவ்வாய்க்கிழமை தின்ற கோஸ்லெமே

வன்னியில் இருந்த மாமாவிடமிருந்து போன் வருவது நின்று ஒரு கிழமை ஆனதும், அம்மா நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஈஸ்ட் ஹாம் வீட்டில் நேர்த்தி வைத்தார். அது இரண்டாயிரத்து ஒன்பது, போரின் கடைசி மாதங்கள். எனக்குப் பதினொரு வயது.

"என்ரை தம்பி போன் எடுக்குமட்டும் இந்த வீட்டிலை ஒருத்தரும் மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் தொடப்படாது."

"முட்டையுமோ?" என்றார் அப்பா.

"முட்டையும்தான். கேக்கும்தான். பகிடி விடாமல் இருங்கோ."

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் துருக்கிக்காரரின் கடை ஒன்று இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் நீளமான மெல்லிய தடியால் மாவைத் துணி போல விரிப்பார். கீரையும் சீஸும் வைத்து மடித்து, கவிழ்த்த சட்டி போன்ற இரும்பில் சுடுவார். அதற்குக் கோஸ்லெமே என்று பெயர். அந்தச் செவ்வாய்க்கிழமை சுட்டவை தட்டில் அடுக்கியிருந்தன. உள்ளே என்ன என்று கேட்க எனக்கு வெட்கம். ஓரத்தில் பச்சை தெரிந்த ஒன்றை விரலால் காட்டி வாங்கினேன்.

மூன்றாவது கடியில், கீரைக்கு அடியில் அரைத்த இறைச்சி இருந்தது. துப்பியிருக்கலாம். இருபது நாள் பருப்பும் கத்தரிக்காயும் தின்ற வாய் கேட்கவில்லை. முழுவதையும் தின்றுவிட்டுக் கையை ஸ்வெட்டரில் துடைத்தேன்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. போன் அடித்தால் அம்மா அதை எடுக்க ஓடுவார். நான் குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டு காதைப் பொத்துவேன். மாமா செத்திருந்தால் கொன்றது நான்தான்.

வியாழன் பின்னேரம் அப்பாவோடு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகையில் தாங்க முடியவில்லை.

"அப்பா, நான் மச்சம் சாப்பிட்டிட்டன். மாமாவுக்கு ஏதும் நடக்குமோ?"

அப்பா நின்றுவிட்டார். "எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"வடிவா யோசிச்சுச் சொல்லு. செவ்வாயோ?"

"ஓம்."

"அப்ப உன்னாலை ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஒண்டுமே இல்லை."

நான் நம்பவில்லை. அவர் என்னை அந்தக் கடைக்கே கூட்டிப்போய், இறைச்சி வைத்ததாகக் கேட்டு இரண்டு வாங்கினார். ஒன்றை என்னிடம் தந்துவிட்டு மற்றதைக் கடித்தார். மெல்லாமலே விழுங்கினார்.

"அம்மாட்டைச் சொல்லாதை."

மாமா இறந்த செய்தி அந்தச் செவ்வாய்க்கு முந்திய ஞாயிறே அப்பாவுக்கு வந்துவிட்டது என்பதையும், அம்மாவிடம் சொல்ல வாய் வராமல் அவர் திரிந்தார் என்பதையும் பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அப்பாவும் நேர்த்தியை முறித்துவிட்டார். மாமாவைக் காப்பாற்ற இனி அம்மா மட்டும்தான் இருக்கிறார்.