மில் சத்தத்தில் பழகிய தலையாட்டல்

தாராவியில் எங்கள் மாவு மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. இருபது வருஷத்துக்கு மேல் நான் அந்தச் சத்தத்துக்குள் நின்றவன். டப்பாவை நீட்டிக்கொண்டே பெண்கள் ஏதாவது சொல்வார்கள். மருமகளைப் பற்றிய குறையாக இருக்கும், குழாயில் தண்ணீர் வராத கதையாக இருக்கும். நான் தலையாட்டுவேன். கூச்சக்காரன் வேறு. "என்ன சொன்னீங்க?" என்று இரண்டாம் முறை கேட்க எனக்கு வாய் வராது.

"அண்ணாச்சிகிட்ட சொன்னா பொறுமையா கேக்காருன்னு தெருவே சொல்லுது. நீங்க கேட்ட லட்சணம் எனக்குல்லா தெரியும்" என்பாள் என் மனைவி.

யாரோடும் பகையில்லாத ஆள் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் தேடி வந்தபோதும் மில் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் சொன்னதில் பாதிதான் கேட்டது. தலையாட்டினேன். தேர்தலில் கொஞ்ச ஓட்டில் ஜெயித்தேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனை எம்.எல்.ஏ.வை மராட்டியில் சொல்கிறபடி ஆம்தார் சாகேப் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மில்லை மனைவி பார்த்துக்கொண்டாள்.

சந்தையில் பேசுகிற மராட்டி எனக்கு நன்றாகவே வரும். ஆபீஸ் காகிதத்தில் இருக்கிற மராட்டி வேறு. கூட்டங்களில் அதிகாரிகள் அதை மடமடவென்று வாசிப்பார்கள், நடுநடுவே இங்கிலீஷும் வரும். முடித்ததும் என்னைப் பார்த்து, "டீக் ஆஹே, சாகேப்?", சரிதானே என்று கேட்பார்கள். அங்கே மோட்டார் ஓடவில்லை. ஆனாலும் என் தலை ஆடியது.

ஒரு நாள் மில்லில் உட்கார்ந்திருந்தேன். முறுக்கு சுட்டு மாதுங்கா கடைகளுக்குக் கொடுக்கிற அக்கா வந்தார். எங்கள் சந்துக்காரர். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

"நம்ம சந்து கக்கூசை முழுசா இடிக்கப் போறாங்களாமே. புதுசு கட்டி முடிக்கிற வரைக்கும் பெரிய ரோட்டைத் தாண்டிப் போகணுமாம். நீங்க சரின்னு சொன்னீங்களாம், அண்ணாச்சி?"

என் தலை தானாக ஆடியது.

"எந்தக் காலை வச்சு நான் ரோட்டைத் தாண்டுவேன்? மில்லு ஓடும்போது ஆட்டுன தலை, மில்லு நின்ன பொறவும் நிக்கலையே!"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

கூட்டக் குறிப்பைக் கட்சிக்காரர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஆம்தார் சம்மதித்தார் என்று அதில் தெளிவாக இருந்தது. "கவலைப்படாதீங்க. குமாஸ்தா தப்பா எழுதிட்டான்னு சொல்லிடலாம்" என்றார் அவர். அந்தக் குமாஸ்தாவை எனக்குத் தெரியும். கூட்டத்துக்குக் கூட்டம் எனக்கு டீ வந்ததா என்று பார்க்கிற மனுஷன். அவர் எழுதியதில் தப்பே இல்லை.

அன்று ராத்திரி, கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். புரியவில்லை என்று சொல்லிவிட்டால், படிக்காதவனைப் போய் அனுப்பினோமே என்று சொல்ல மாட்டார்களா? மனைவியிடம் கேட்டேன்.

"சொல்லுவாங்கதான். நீங்க படிக்கலைங்கது தெரிஞ்சுதானே ஓட்டுப் போட்டாங்க?" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த சந்தை மராட்டியிலேயே சொன்னேன்: "போன தடவை நீங்கள் வாசித்தது எனக்குப் புரியவில்லை. புரியாமல் தலையாட்டிவிட்டேன். தப்பு என்னுடையது. மறுபடி மெதுவாகச் சொல்லுங்கள்."

யாரோ இருமினார்கள். எதிரே இருந்த இன்ஜினீயர் புருவத்தைத் தூக்கி, "அப்படியென்றால் அதற்கு முன்னால் சம்மதித்தவை?" என்று கேட்டார்.

"அதையும் வாசியுங்கள்" என்றேன்.

வாசித்தார்கள். வெகுநேரம் ஆனது. வேறு இரண்டு சந்துகளின் விஷயங்களில் நான் சம்மதித்திருக்கவே கூடாது. அவை கைமீறிப் போயிருந்தன. இன்றைக்கும் அந்த இரண்டு சந்துகள் வழியாகப் போகும்போது நான் தலை நிமிர்வதில்லை. கக்கூஸ் மட்டும் மிஞ்சியது. அதையும் முழுதாக விடவில்லை. பாதியை இடித்துக் கட்டிவிட்டு, பிறகு மறு பாதி என்று முடிவானது.

வேலை தொடங்கிய பிறகு ஒரு காலையில் அக்கா பச்சரிசியோடு வந்தார். மில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாய் அசைந்ததும் நானே எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினேன். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"இப்ப சொல்லுங்க, அக்கா."

"பாதிதானே இருக்கு, வரிசை ரொம்ப நீளம். நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சு."

தலை ஆடப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

"கேட்டுச்சு, அக்கா. முடியாதவங்களை முதல்ல விடச் சொல்லிச் சந்துல பேசிப் பாக்கேன். கேப்பாங்களான்னு தெரியலை."

அக்கா டப்பாவை நீட்டி, "சரி, மோட்டாரைப் போடுங்க. முறுக்குக்கு நேரமாச்சு" என்றார்.