சஹனில் ஆறாவது கை

பளீலா ராத்தா சோற்றை உருட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று விரல்களால் நெய்ச்சோற்றைக் கொஞ்சம் இழுத்து, இறைச்சிக் குழம்பில் ஒரு தொடு, கத்தரிக்காயில் ஒரு கிள்ளு, பெருவிரலால் ஓர் அழுத்து. உருண்டை வாய்க்குப் போகிறது. இடது கை முக்காட்டின் ஓரத்தைச் சற்று முன்னுக்கு இழுத்துவிடுகிறது. உதடு அசைகிறது. வலது கை கீழே வருகிறது. உருண்டை அதே கையில் அதே அளவில் இருக்கிறது. தட்டின் நடுவில் அது மெல்ல அவிழ்ந்து, பக்கத்தில் இருப்பவரின் பங்கோடு சேர்ந்துவிடுகிறது.

“தின்னுங்க புள்ள, சோறு ஆறுது” என்கிறார் எல்லோருக்கும் பொதுவாக.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்காருவோம். பெரிய வட்டத் தட்டு அது. நடுவில் கறிகள், சுற்றிவரச் சோறு. தனக்கு முன்னால் இருப்பதைத்தான் ஒருவர் எடுக்க வேண்டும். அடுத்தவர் கையைப் பார்ப்பது மரியாதையில்லை. தனிச் சோற்றுக்கோப்பை என்றால் மிச்சம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சஹனில் மிச்சத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. முகம் பார்த்துக் கதைக்க எனக்குக் கூச்சம். குனிந்தே இருப்பதால் கைகள்தான் கண்ணில் படும். ராத்தாவின் கையும் அப்படிப் பட்டதுதான்.

ஆலங்குடாவில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. அக்காமாரை நாங்கள் ராத்தா என்போம். இடியப்பம் அவித்து விற்கிறார். கல்யாணக் காலத்தில் பெண்கள் பக்கத்துக்குச் சஹன் போடுவதும் அவர்தான். வயது நாற்பத்தாறு. நல்ல உயரம். சோளகக் காற்று மணலைக் காய்ச்சி முகத்தில் எறியும் நாட்களிலும் அவருக்குக் குளிரும். நீளக்கைச் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டிருப்பார். கல்யாணத்துக்குப் போட்ட காப்பு இரண்டையும் முழங்கைக்குக் கிட்ட ஏற்றி நூலால் கட்டி வைத்திருக்கிறார். கையைத் தொங்கவிட்டால் கழன்று விழுந்துவிடும். முன்கையில் குழந்தைக்கு இருப்பதுபோல மெல்லிய பூனைமயிர். “என்ன ராத்தா, இந்த வயசில புதுசா முளைக்குது” என்று யாரோ கேலி செய்தபோது, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரும் சேர்ந்து சிரித்தார்.

விடிய சுபஹ் தொழுத கையோடு அடுப்பு மூட்டுவார். நான் மாவு பிழிந்து கொடுப்பேன், அவர் தட்டுகளை அடுக்கி அவிப்பார். எந்த வீட்டுக்கு எப்படி வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தாஹிர் நானாவுக்குச் சம்பலில் மாசிக் கருவாடு கூடுதலாக வேண்டும். வாத்தியார் வீட்டுக்கு உறைப்பு ஆகாது. சட்டியின் மேல் குனிந்து ஆவியை மூக்கால் இழுத்து, “தேங்காய் நேத்தையது” என்று கண்டுபிடித்துவிடுவார். ஆனால் உப்புப் பார்ப்பது நான். மூன்று வருடமாக என் நாக்கில்தான் அவருடைய சம்பலுக்கு உப்புச் சரியாகிறது. “நீ சொன்னாச் சரி” என்று கைகழுவப் போய்விடுவார்.

ஒருநாள் மழையால் இடியப்பம் மிஞ்சியது. ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி அதன் இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முழுதும் பிரித்து முடிந்ததும் கோழிக்குப் போட்டார்.

“வயிறு நாய் மாதிரி புள்ள” என்றார். “போடப் போட வால ஆட்டிக்கொண்டு வரும். போடாட்டி ஒரு மூலைல சுருண்டு படுத்திரும்.”

நோன்பு மாதம்தான் அவருடைய மாதம். அந்த முப்பது நாளும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்காத மாதம் அல்லவா. பெருநாள் முடிய எல்லோரும் பிடிக்கும் ஆறு நோன்பு. அது முடியத் திங்களும் வியாழனும். பிறைக் கணக்கில் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. ஊர்ப் பெண்களுக்கு அவர்மேல் பெரிய மதிப்பு. மார்க்க வகுப்பில் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அவருடைய மதினி முஃபீதா, “எங்கட பளீலாட பேணுதலுக்கு ஊரில ஆளில்ல” என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்.

மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பு இல்லை. அந்த நாட்களில் நாங்கள் அடுப்படியில் ஒளித்து ஒரு தேத்தண்ணி குடிப்போம், பிறகு அந்த நோன்புகளைத் திருப்பிப் பிடிப்போம். ராத்தாவுக்குத் திருப்பிப் பிடிக்க ஒன்றும் சேர்ந்ததேயில்லை. அதையும் அல்லாஹ்வின் கொடை என்றார்கள். எனக்கு அது விளங்கவில்லை. கேட்டபோது, “அது நின்டு அஞ்சு வருசம்” என்றார். நின்றபோது அவருக்கு முப்பத்தொன்பது வயதுதான் என்று பிறகு கணக்குப் பார்த்தேன்.

பெருநாளன்று நோன்பு பிடிக்கக் கூடாது, ஹராம். அன்றைக்கு அவர்படும் பாட்டைப் பார்க்க வேண்டும். விடியவே வட்டிலப்பமும் இறைச்சிக் கறியும் ஆக்கிக் கோப்பைகளில் மூடிக்கொண்டு வீடுவீடாகப் புறப்பட்டுவிடுவார். எங்கள் வீட்டில் இருக்கச் சொன்னால், “இப்பதான் றஹ்மா வீட்டில வயிறு முட்டத் தின்டேன்” என்பார். பக்கத்து ஒழுங்கை றஹ்மாவின் வீட்டில் எங்கள் வீட்டைச் சொல்லியிருப்பார். ஒரு பெருநாளில் நானும் றஹ்மாவும் கிணற்றடியில் இதை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் றஹ்மா நிரம்பிய வாளியைத் திரும்பவும் கிணற்றில் விட்டார்.

எதனால் இப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்ட, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தபோது பதினொரு வயது, அன்றைக்கே பசி செத்துப்போனது என்று ஒரு தடவை சொன்னார். குவைத்தில் வேலைக்கு இருந்த வீட்டில் எல்லோரும் தின்று எழும்பியபிறகு தின்று பழகியது என்று இன்னொரு தடவை. மூத்த பிள்ளை பிறந்து உடம்பு வைத்தபோது மாமியார், வாசலால் வர முடியுமா என்று கேட்டதாக வேறொரு நாள். மூன்றையும் ஒரே குரலில், வேறு யாருக்கோ நடந்ததுபோலத்தான் சொன்னார்.

ராத்தாவின் மனிசன் நிஸார் நானா படகு எஞ்சின் திருத்துகிறவர். கதை குறைவு. பின்னேரம் வரும்போது சின்னக் கடதாசிப் பையில் ஏதாவது கொண்டுவருவார்: மீன் வைத்த மாலுபாண், பேரீச்சம்பழம், ஒருநாள் திராட்சை. கொடுக்கமாட்டார், அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அடுத்தநாள் அது மகள் ஷிஹாராவின் கையிலோ எங்கள் வீட்டிலோ இருக்கும். அவர் திரும்பவும் கொண்டுவருவார்.

இந்த வருடம், நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ராத்தா அவிக்கிற சட்டிமேல் விழுந்தார். முன்கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழ் தெரிந்த தாதி மிஸ்ஸியை வைத்துக்கொண்டு நிஸார் நானாவுக்குச் சொன்னார். வெந்த காயம் ஆறிவிடும், மற்றது அப்படியல்ல. இது வயிற்று நோயில்லை. சாப்பிடப் பயப்படுகிற நோய். மனதில் இருப்பது. உடம்பு தன் இறைச்சியைத் தானே தின்று முடித்து இப்போது இதயத்துக்கு வந்திருக்கிறது. இன்னொரு தடவை விழுந்தால் எழுப்ப முடியுமோ தெரியாது. புதன்கிழமை கிளினிக்குக்குக் கட்டாயம் வர வேண்டும். நோன்பு கூடவே கூடாது.

ராத்தா கட்டிலில் இருந்து டொக்டரைப் பார்த்துச் சிரித்தார். “நான் வடிவாத் தின்றவ மிஸ்” என்றார். “இந்தா, இவகிட்டக் கேளுங்க.”

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் சீலைத் தலைப்பைப் பார்த்தேன்.

ஊரில் இதை ஒருவரும் ஏற்கவில்லை. நோன்பு பிடிப்பது நோயா என்று முஃபீதா சண்டைக்கு வந்தார். நிஸார் நானா டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டை எடுத்துக்கொண்டு நூர்தீன் மௌலவியிடம் போனார். மௌலவி நல்ல மனுசன். டொக்டர் கூடாது என்றால் கூடாதுதான் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார். விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும், ஃபித்யா என்று மார்க்கம் அதற்கு வழி வைத்திருக்கிறது. நோயாளி பகலில் சாப்பிட வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோன்பு வந்தது. வீடே நோன்பிருக்க, ராத்தாவுக்கு மட்டும் நிஸார் நானா பகல் சோறு போட்டு, வலைமூடியால் மூடி, யன்னலையும் சாத்திவிட்டு வேலைக்குப் போனார். பள்ளியில் நோன்பு திறந்துவிட்டு வந்து பார்த்தால் கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கும். முதல் பத்து நாளும் அவர் முகம் தெளிந்திருந்தது. பள்ளியடியில் ஆட்களோடு நின்று கதைக்கக்கூடத் தொடங்கினார்.

ஒருநாள் பொழுதுபட, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ராத்தா ஒரு மூடிய கோப்பையோடு கடற்கரைப் பக்கம் போவதை நான் பார்த்தேன். அங்கே உசனார் என்ற வயதான மீன்காரர் தனியாக இருக்கிறார். ஃபித்யாவுக்கு அரிசியாகக் கொடுத்தால் போதுமே என்று கேட்டேன். “பச்சை அரிசியக் குடுத்தா அந்த மனிசனுக்கு ஆர் ஆக்குற?” என்றார். அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. கோப்பையில் நீலப்பூப் போட்டிருந்தது. நிஸார் நானா பகல் சோறு போட்டு வைக்கும் அதே கோப்பை. அவர் தின்ன வேண்டிய சோறுதான், அவர் விடாத நோன்புக்குப் பரிகாரமாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் வாய் திறந்தேன். “ராத்தா, நீங்க தின்னல்ல.”

அவர் நின்றார். “கோப்பையப் பாத்தியா?”

“கையையும்.”

“எவ்வளவு காலமா?”

“மூணு வருசம்.”

கடலுக்கு மேலே, பட்டம் பிடித்து அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் ஒன்றிரண்டு இன்னும் இறங்காமல் நின்றன. ராத்தா அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “எனக்கு ஏலாது புள்ள” என்றார், இரகசியம் சொல்வதுபோல. “வாய்க்கிட்டக் கொண்டுபோறேன். அங்க ஒரு கதவு ஈக்கு.” பிறகு, “அவருக்குச் சொல்லாத. பாவம், இப்பதான் சிரிக்கிறார்.”

நிஸார் நானாவுக்கு நான் சொன்னேன். வாசல் படலையடியில் நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் வெகுநேரம் எஞ்சின் துடைக்கிற துணியில் கையைத் துடைத்தார். அந்தக் கிழமையிலிருந்து புதன்கிழமைகளில் வேலையை விட்டு ராத்தாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார். அங்கே ஒரு வாய், இரண்டு வாய் என்று பழக்குகிறார்களாம். ராத்தா என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. ஆனால் உப்புப் பார்க்க மட்டும் சட்டியை என் பக்கம் தள்ளிவிடுவார்.

பெருநாள் முடிந்து, பதினைந்து வயது ஷிஹாரா ஆறு நோன்பு பிடித்தாள். பிறகு திங்களும் வியாழனும் பிடித்தாள். “தாயிட பேணுதல் மகளுக்கும் வந்திட்டு, மாஷா அல்லாஹ்” என்று முஃபீதா அவள் நெற்றியைத் தடவினார். ராத்தா மாவு அரித்துக்கொண்டிருந்தார். அரிதட்டு கொஞ்ச நேரம் நின்று பிறகு ஓடியது.

போன கிழமை முஃபீதாவின் மகனுடைய வலீமா விருந்து. பெண்கள் பக்கத்துக்குச் சஹன் போட்டு முடித்துக் கடைசிச் சஹனில் நாங்கள் உட்கார்ந்தோம். முஃபீதா, றஹ்மா, றஹ்மாவின் மாமி, நான், ராத்தா. எனக்கும் ராத்தாவுக்கும் நேரெதிரே ஷிஹாரா. வழக்கம்போல இறைச்சியைப் பிரித்து வைத்தது ராத்தாதான். எல்லோரும் பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம்.

ஷிஹாராவின் கை அழகான கை. மூன்று விரல்களால் சோற்றை இழுத்தாள். குழம்பில் ஒரு தொடு. பெருவிரலால் ஓர் அழுத்து. உருண்டை வாய்க்குப் போனது. இடது கை முக்காட்டின் ஓரத்தைச் சற்று முன்னுக்கு இழுத்துவிட்டது. உதடு அசைந்தது. கை கீழே வந்து, சஹனின் நடுவில் அவிழ்ந்தது.

பக்கத்தில் ராத்தாவின் கை தட்டின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. முஃபீதா பெண்வீட்டுச் சீலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். றஹ்மா சிரித்தார். ஷிஹாரா இரண்டாவது உருண்டையை எடுத்துத் தூக்கினாள்.

“ஷிஹாரா” என்றார் ராத்தா. சத்தமாக அல்ல. அவள் நிமிர்ந்தாள்.

ராத்தா இடது கையால் தன் முக்காட்டை வாயிலிருந்து ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினார். மகள் பார்க்கத்தக்கதாக உருட்டினார். வாயில் வைத்தார். வெறும் விரல்களை விரித்துக் காட்டினார். மென்றார். கண்களில் தண்ணீர் வந்தது, கழுத்து நரம்பு எழும்பியது, இன்னும் மென்றார். எதிரே ஷிஹாராவின் உருண்டை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது. தாயின் தொண்டை அசைகிறதா என்று பார்த்தபடி, அவள் அதை இறக்காமல் வைத்திருந்தாள்.