தோள் படத்தில் விழுந்த வட்டம்

விழுந்த மறுநாள் காலை டீ ஆற்றக் கையைத் தூக்கினேன். நெஞ்சு உயரத்துக்குக்கூட வரவில்லை. காரைக்குடியில் டீக்கடை வைத்திருப்பவனுக்கு வலது கைதான் கடை.

அரியக்குடிப் பாதையில் சைக்கிள் சறுக்கி, வலது தோள் தரையில் மோதியிருந்தது. சுளுக்கு என்று எண்ணி, உருவிவிடுபவரை அன்று மாலை வரச் சொல்லியிருந்தோம். கை குணமானால் திருக்கோஷ்டியூர்ப் பெருமாளுக்குச் செலுத்துவதாக, என் மனைவி ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து அந்தத் தோளை ஒட்டிக் கட்டினாள். வீக்கம் ஏறவே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எக்ஸ்ரே (உள் எலும்பின் நிழற்படம்) எடுப்பவர், உடம்பில் நகை, உலோகம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய்யில்லை. முடிந்த காசு சாமியுடையது. அதை என்னுடையதாக நினைக்கவே தோன்றவில்லை. கூச்சத்தில், அதை மூடித் தோளில் கிடந்த துண்டையும் எடுக்கவில்லை.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "என்னய்யா, தோளுல நிலா உதிச்சிருக்கு?"

எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதன்மேல் அதைவிட வெள்ளையாக ஒரு வட்டம். காசை அவிழ்த்துவிட்டு வேறு படம் எடுக்கச் சொன்னார்.

மனைவி முடிச்சைப் பொத்திக்கொண்டாள். "குணமாகாம அவுக்கலாமா? பெருமாளுக்கு என்ன பதில் சொல்வீக?"

நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். அன்று கேட்டுவிட்டேன். "அந்த வட்டத்துக்குப் பின்னால என்ன இருக்குங்கய்யா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்குய்யா உங்க வீட்டம்மாகிட்ட கெஞ்சுறேன்?" என்றவர் அவளிடம் திரும்பினார். "ஆத்தா, இடது கையில கட்டு. பெருமாள் இங்குட்டுப் பார்க்கிறவரு அங்குட்டுப் பார்க்க மாட்டாரா?"

அவள் சிரித்துவிட்டாள். காசைக் கீழே வைக்காமல் இடது கைக்கு மாற்றினாள்.

இம்முறை நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் எலும்பு விலகியது தெரியாமல் போகலாமாம். வட்டம் இருந்த இடத்தில், எலும்பின் கழுத்தில் (பந்து போன்ற தலைக்குக் கீழே), மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. விரிசல். உருவியிருந்தால் விலகியிருக்கும் என்றார் டாக்டர். அன்று மாலை உருவிவிட வந்தவரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டு ஆறு வாரம் இருந்தேன். அடுத்த படத்தில் கோட்டைச் சுற்றி மேகம் போல ஏதோ படர்ந்திருந்தது. புது எலும்பு என்றார். வலி போய்விட்டது, கோடு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "எலும்பு சேர்றது படத்துல மெதுவாத்தான்யா தெரியும். உங்க கை முந்திக்கிச்சு."

உங்களுக்கும் தோளில் அடிபட்டிருந்தால், படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேளுங்கள். எது மறைந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.

இப்போது முன்னைவிட ஒரு சாண் தாழ்வாக டீ ஆற்றுகிறேன். நுரை வரக் கொஞ்சம் நேரமாகிறது. கை மேலே போகும்போது, உள்ளே அந்தப் பந்து தன் குழியில் திரும்புவதை உணர்கிறேன். பிறந்ததிலிருந்து நாற்பத்தைந்து வருடமாக, நான் கவனிக்காமலே, அது திரும்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.