வேலை கேட்டு வந்து எங்களைக் கேள்வி கேட்டவர்

லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சாவுச் செய்தி வந்தால் ‘எப்படி’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த ஊரில்’ என்று கேட்போம். பள்ளிக்கூடங்கள் திறந்த மறுநாள் காலை, மயிலாப்பூரிலிருந்து கிண்டி ஆபீசுக்குப் போகிற வழியில், அடையாறு சிக்னலில் ஆட்டோ நின்றபோது நஸ்ரின் போன் செய்தாள். “ஆன்ட்டி, அத்தா போயிட்டாரு” என்றாள். நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். “வீட்லதான் ஆன்ட்டி. டீ குடிச்சுக்கினு இருந்தாரு” என்றாள். நஸ்ரினின் அப்பா, எங்கள் டிரைவர் ரஹீம் பாய், ஐம்பத்திரண்டு வயதில் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தார். அந்த ‘வீட்லதான்’ என்ற சொல்லின் அருமை, அவரோடு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

எங்களுடையது என் அண்ணா நடத்தும் சின்னக் கம்பெனி. பதினோரு லாரி. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவது என் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன் ரஹீம் பாய் வேலை கேட்டு வந்தார். லைசென்ஸை மேசையில் வைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், “இங்க ரொம்ப நாளா ஓட்டறவர் யாரு மேடம்?” என்றார். பன்னிரண்டு வருடமாக எங்களோடு இருந்த மாணிக்கத்தைப் பெருமையாகக் கூப்பிட்டேன். சம்பளம், முதலாளி பற்றியெல்லாம் விசாரிப்பார் என்று பார்த்தால், “உம்புள்ள எத்தனாவது படிக்கிறான் நைனா?” என்று கேட்டார். மாணிக்கம் மேலே மின்விசிறியைப் பார்த்தார். “ஆறு... இல்ல, ஏழு” என்றார். பையன் எட்டாவது என்பது எனக்கே தெரியும். அந்த வருடம் அவனுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

அடுத்த கேள்வி எனக்கு. “நாளைக்கி என் முதுகு பூட்ச்சின்னா இன்னா பண்ணுவீங்க? வேலைக்கு லெட்டர் எதுனா குடுப்பீங்களா?” நாங்கள் யாருக்கும் கொடுத்ததில்லை. “பாத்துக்கலாம் பாய்” என்றேன். “பாத்துக்கலாம்னா பாக்க மாட்டீங்கன்னு அர்த்தம் மேடம்” என்று சிரித்துக்கொண்டே லைசென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வடக்கே வண்டி ஓட்டும் ஒரு பெரிய கம்பெனியும் அவரைக் கூப்பிட்டிருந்தது. லெட்டர், பி.எஃப். எல்லாம் உண்டு, கிளம்பினால் இருபத்தைந்து நாள் கழித்துத்தான் வீடு. “அங்க வேலை நிக்கும், வூடு நிக்காது. இங்க ரெண்டுமே ஆடுது. நான் அங்கியே போறேன்” என்று எழுந்துவிட்டார். அண்ணாவுக்குக் கோபமான கோபம். “வேலை கேட்டு வந்தவன் நம்மள இன்டர்வியூ பண்ணிண்டு போறானா?” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பழைய கடுப்பு எனக்கு ஆறவில்லை. “பாய், உங்க பொண்ணு எத்தனாவது?” என்று கிண்டலாகக் கேட்டேன். “நாலு” என்றார். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “இல்ல, அஞ்சு” என்றார். பிறகு பையிலிருந்து மகளின் ரேங்க் கார்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு பரீட்சைக்கும் கீழே அப்பாவின் கையெழுத்து இருந்தது. “எதுவும் நான் போட்டது இல்ல மேடம். சம்சாரத்துக்கு எழுத வராது. அதான் அவளே போட்டுக்கிறா. என்னவிட நல்லா கீது பாருங்க” என்றார். சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். அந்தக் கிண்டலுக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் உண்டு.

வருவதற்கு அவர் நிபந்தனை போட்டார். இரண்டு ராத்திரிக்குமேல் வெளியே தங்கும் லோடு வேண்டாம். வேலைக்கு லெட்டர், பி.எஃப். வேண்டும், அதுவும் எல்லா டிரைவர்களுக்கும். “எனக்கு மட்டும் குடுத்தா அது சலுகை. சலுகைய எப்ப வேணா புடுங்கிக்கலாம்” என்றார். அண்ணா மூன்று மாதம் இழுத்தடித்தார். “எல்லாருக்கும் லெட்டரைக் குடுத்துட்டு, நாளைக்கு லோடு வரலேன்னா என்ன பண்றது?” என்று கேட்டார். “வர்லன்னா நானும் சேந்து தேடறேன் சார்” என்றார் ரஹீம் பாய். ஒருவழியாக அண்ணா இறங்கி வந்தார். ஆபீஸ் சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு டிரைவரின் பெயருக்கு எதிரேயும் பிள்ளை படிக்கும் வகுப்பை எழுத வைத்ததும் ரஹீம் பாய்தான். பள்ளி திறக்கும்போது அப்பாவே வந்து வகுப்பை மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாதவருக்கு வண்டிச் சாவி கிடையாது என்பது அவர் போட்ட சட்டம்.

அவர் ஒன்றும் சாதுவானவர் இல்லை, பிடித்தால் பிடிவாதம். போன வருடம் நஸ்ரினின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள், ஹூப்ளிக்கு ஓர் அவசர லோடு. வேறு டிரைவர் இல்லை. மாட்டேன் என்றுவிட்டார். பல வருட வாடிக்கையாளர் கைவிட்டுப் போனார். “ஊர்ல உங்க பொண்ணு ஒருத்திதான் பரீட்சை எழுதறாளா?” என்று சுருக்கென்று கேட்டுவிட்டேன். பத்து நாள் நாங்கள் மாணிக்கம் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். பதினோராம் நாள் என் மேசையில் ஒரு சீட்டை வைத்தார். தி.நகரில் ஒரு பாத்திரக்கடையின் பெங்களூர் லோடு, வாராவாரம். ஓய்வு நாட்களிலெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். “தேடறேன்னு சொன்னேன்ல மேடம்” என்றார். அந்த லோடு இன்றும் ஓடுகிறது.

நேற்று நஸ்ரின் ஆபீசுக்கு வந்தாள். அவள் அம்மா இத்தா இருக்கிறார், கணவர் இறந்தபின் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாத காலம். குடும்பப் பென்ஷன் பாரங்களில் அம்மா வைத்த கைநாட்டோடு மகள் வந்திருந்தாள். அன்று ரஹீம் பாய் அடம் பிடித்திருக்காவிட்டால் அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க எங்களிடம் ஒரு காகிதமும் இருந்திருக்காது. அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிளம்பும்போது அவள் பலகையைப் பார்த்தாள். மற்ற எல்லோரும் வகுப்பை மாற்றியிருந்தார்கள். ரஹீம் பாய் பெயருக்கு எதிரே மட்டும் ‘பிளஸ் ஒன்’ என்றே இருந்தது. பள்ளி திறந்த அன்று மகளைக் கொண்டுபோய் விடுவதற்காக லீவு போட்டிருந்தார். மறுநாள் வந்து எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெயரை அழிக்க மாணிக்கத்துக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

“அத்தா மாத்தலையா ஆன்ட்டி?” என்றாள். மார்க்கரை எடுத்து, ‘ஒன்’ என்பதை விரலால் அழித்துவிட்டு ‘டூ’ என்று எழுதினாள். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டாள். ரேங்க் கார்டில் நான் பார்த்த அதே சாய்வு, கீழே அதே இரண்டு புள்ளிகள். “பாயே போட்டா மாரி கீது” என்று சொல்லிவிட்டு மாணிக்கம் வெளியே போய்விட்டார்.

ரஹீம் பாயின் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது பலகையில் இருக்கும் அந்த ஒரு வரிதான். அடுத்த வருடம் அவள் காலேஜுக்குப் போய்விடுவாள். வந்து மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.