கடைசியில் படித்த வசந்தி

தொண்ணூறுகளில் மதுக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். சொந்த ஊர் தூத்துக்குடி. பள்ளி விட்டு வாடகை அறைக்குத் திரும்பினால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

வாசிப்புத் தேர்வில், வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பிள்ளைகளை எழுப்பி ஒரே பத்தியைப் படிக்கச் சொல்வேன். கடைசிப் பெயரான வசந்தி ஒருநாளும் தடுமாறியதில்லை. நல்ல மதிப்பெண்ணே போட்டு வந்தேன்.

மாரியம்மன் நோம்பியன்று ஊரே கோயிலில் இருந்தது. வகுப்புக்கு வசந்தி மட்டும் வந்தாள்.

"நோம்பிக்குப் போகலையா?" என்றேன்.

"அம்மாவுக்கு இன்னைக்கும் ஷிப்டுங்க டீச்சர். ஊட்டுல ஆருமில்லீங்க."

எனக்கும் யாருமில்லை. பொழுது போகட்டும் என்று, இன்னும் நடத்தாத பாடத்தைப் படிக்கச் சொன்னேன். புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் மெதுவாகக் கேட்டாள்: "மத்தவங்க படிச்சதுக்கப்புறம் படிக்கட்டுங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் காதில் விழுந்ததைத்தான் ஒப்பித்திருக்கிறாள். எழுத்துக் கூட்டவே தெரியவில்லை. நிறைந்த வகுப்பில் அவளும் தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் வரை அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து 'அ'விலிருந்து சொல்லிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே பக்கத்தில் அழைத்து, புதுப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்க வைக்கிறேன். முதலில் கூப்பிடுவது கடைசிப் பெயரைத்தான்.